செப்புப் பொட்டின் நடுவே ஒரு துளை

துளையில் கால் நுழைத்துப் பொருத்தும் வழக்கமான ஒரு ஐ.சி.யைக் கையில் எடுத்துப் பாருங்கள். அடுத்தடுத்த கால்களுக்கு இடையே 2.54 மி.மீ., அதாவது அங்குலத்தில் பத்தில் ஒரு பங்கு. நாற்பது கால் ஐ.சி. என்றால் பக்கத்துக்கு இருபது கால். பலகையில் அந்தக் கால்களுக்கான துளைகளில் ஒரே ஒன்று அரை மி.மீ. தள்ளிப்போனாலும் மொத்த ஐ.சி.யும் உட்காராமல் அடம்பிடிக்கும். வீட்டில் பிசிபி (மின்சுற்றுப் பலகை) செய்பவர்கள் படத்தை அச்சிடுவதிலும் பெரிக் குளோரைடில் செம்பை அரிப்பதிலும் காட்டும் பொறுமை, துளை போடும்போது காணாமல் போய்விடுகிறது.

துளை ஏன் விலகுகிறது? டிரில் பிட்டின் நுனி ஊசிபோல் இருப்பதில்லை. குறுக்கே ஒரு சிறு விளிம்பு ஓடுகிறது. வழவழப்பான செம்பில் அது பிடிமானமின்றிச் சறுக்கும். மெல்லிய பிட் என்றால் வளைந்தும் கொடுக்கும்.

இதற்கான மருந்து வரைபடத்திலேயே இருக்கிறது. கால் நுழைய வேண்டிய ஒவ்வொரு செப்புப் பொட்டின் நடுவிலும் 0.4 மி.மீ. புள்ளியை வெறுமையாக விட்டு வரையுங்கள். கரைசல் அந்த இடத்துச் செம்பை அரித்துவிடும். செம்பின் தடிமன் வழக்கமாக 35 மைக்ரான்தான். குழியின் ஆழமும் அவ்வளவே. ஆனாலும் பிட்டை அதன்மேல் லேசாக வைத்து அசைத்தால், நுனி குழிக்குள் இறங்கி நிற்பதை விரல் உணரும். துல்லியம் பாதிக்கு மேல் அங்கேயே கிடைத்துவிட்டது.

மீதியை இயந்திரம் தர வேண்டும். கண்ணாடியிழைப் பலகை சாதாரண எஃகு பிட்டைச் சீக்கிரம் மழுக்கிவிடும். டங்ஸ்டன் கார்பைடு பிட் நெடுநாள் உழைக்கும். ஆனால் பக்கவாட்டில் சிறிது அழுத்தினாலும் பட்டென்று ஒடியும். அதனால் கையில் பிடித்துத் துளைக்காதீர்கள், ஸ்டாண்டு அவசியம். பிட்டைச் சுழலவிட்டுப் பக்கத்திலிருந்து பாருங்கள்: நுனி ஒரே புள்ளியாகத் தெரியாமல் மங்கலாக விரிந்து தெரிந்தால் பிட்டைப் பிடிக்கும் சக் ஆடுகிறது என்று பொருள்.

ஐ.சி.க்கும் சிறிய ரெசிஸ்டருக்கும் 0.8 மி.மீ., 1என்4007 டயோடுக்கு 1 மி.மீ. பிட் போதும். பலகைக்கு அடியில் ஒரு மரத்துண்டு வையுங்கள், அடிப்புறம் பிசிறடிக்காது. வெளிறிய தூளோடு மரத்தூள் கலந்து வரும்போது துளை முடிந்துவிட்டது.

அந்த வெளிறிய தூளில் இருப்பது பொடித்த கண்ணாடி. வாயால் ஊதாதீர்கள், ஈரத்துணியால் துடைத்தெடுங்கள். முகக்கவசமும் பாதுகாப்பு மூக்குக்கண்ணாடியும் அணியாமல் டிரில்லைத் தொட வேண்டாம்.