தினம் பத்து நிமிடம், 21 பெருக்கல்கள்

"வாய்ப்பாடு முழுசும் மனப்பாடம் பண்ணு" என்றால் மூன்றாம் வகுப்புப் பிள்ளை மிரளத்தான் செய்யும். பத்து வாய்ப்பாடு, பத்துப் பத்து வரி, மொத்தம் 100. உண்மையில் படிக்க வேண்டியது எவ்வளவு என்று எண்ணிப் பார்த்தேன்.

7×8-ம் 8×7-ம் ஒன்றுதான். அப்படிப் பார்த்தால் 100 என்பது 55. 1, 2, 5, 10 வாய்ப்பாடுகள் சுலபமாக வந்துவிடும். அவற்றையும் கழித்தால் மிச்சம் வெறும் 21!

இதை ஞாயிற்றுக்கிழமை ஒரு மணி நேரம் உட்காரவைத்து ஏற்றிவிடலாமே? ஏற்றலாம். புதன்கிழமை கேட்டால் முழிக்கும். ஒரே மூச்சில் படிப்பதைவிட நாள்கணக்கில் பிரித்துப் படித்தால்தான் மனதில் நிற்கும் என்று ஜெர்மானிய உளவியலாளர் எபிங்ஹாஸ் தன்னையே சோதித்துப் பார்த்து 1885-லேயே எழுதிவிட்டார்.

ஆகவே, தினம் பத்தே நிமிடம். இரண்டு புதுசு, எட்டு பழசு. வரிசையாகக் கேட்காதீர்கள், அது பாட்டு மாதிரி ஆகிவிடும். கலைத்துக் கேளுங்கள். 7×8 மறந்துபோனால் விடையைச் சொல்லாமல், "7×4 எவ்வளவு? அதோட ரெண்டு மடங்கு?" என்று கேளுங்கள். 28, 56 என்று அதுவே வந்துவிடும். தப்பானதை மறுநாள் முதலில் கேளுங்கள். கடிகாரம் வைத்து விரட்ட வேண்டாம்.

எதற்கு இவ்வளவு? 47×6 போடும் பிள்ளை, 6×7-க்கே விரல்விட்டு எண்ணினால், மீதி 4 மனதிலிருந்து நழுவிவிடும். விடை தப்பாகும். நாலு தடவை இப்படி ஆனால், "எனக்குக் கணக்கே வராது" என்று அது முடிவுகட்டிவிடும். வராதது கணக்கு இல்லை, அந்த 6×7 மட்டும்தான்.