'நம்மால முடியாது': இதை முதலில் சொன்னது யார்?

பத்தாம் வகுப்பு, பிளஸ் டூ தேர்வு முடிவுகள் வரும் நாட்களில் நம் தெருக்களில் ஒரு பேச்சு காதில் விழும். "கணக்கு, சயின்ஸ் எல்லாம் நமக்கு எதுக்குப்பா? நம்மளால முடியுமா?" காரைக்குடி, தேவகோட்டை கல்லூரிகளுக்குப் போன பிள்ளைகளிடம் இதே பேச்சு வேறு உருவம் எடுக்கிறது. பதில் தெரிந்தும் கை தூக்குவதில்லை. கடைசி பெஞ்சைத் தேடி உட்காருகிறார்கள். எந்த ஊர் என்று கேட்டால் பக்கத்து ஊர்ப் பெயரைச் சொல்கிறார்கள். ஒரு அரியர் விழுந்தால் போதும், "நான் இதுக்கு லாயக்கில்ல" என்று முடிவுகட்டி விடுகிறார்கள்.

இந்த எண்ணம் நம் பிள்ளைகளோடு பிறந்ததா? நம் மண்ணின் வரலாறு அப்படிச் சொல்லவில்லை.

1930 டிசம்பரில், அன்றைய இராமநாதபுரம் மாவட்டத்தில் ஆதிக்கச் சாதியினர் நம் மக்களுக்கு எட்டுத் தடைகளை விதித்தார்கள். சட்டை போடக் கூடாது, குடை பிடிக்கக் கூடாது, செருப்பு அணியக் கூடாது, வீட்டில் மண்பாண்டம் தவிர வேறு பாத்திரம் புழங்கக் கூடாது என்று அந்தப் பட்டியல் போனது. 1931 ஜூனில் தடைகள் பதினொன்றாயின. அதில் ஒன்று, பிள்ளைகள் எழுதப் படிக்கக் கூடாது என்பது. மிராசுதார்களின் மாடுகளைத்தான் மேய்க்க வேண்டும் என்பது இன்னொன்று. 1931 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் ஆணையராக இருந்த ஹட்டன் இவற்றைத் தன் நூலில் பதிவு செய்திருக்கிறார். காரைக்குடியும் சிவகங்கையும் அப்போது அந்த மாவட்டத்துக்குள்தான் இருந்தன. நம் பாட்டன், பூட்டன் காலத்தில் அடித்து மிரட்டிச் சொன்ன விதியைத்தான் இன்று நம் பிள்ளை தன் சொந்த எண்ணமாக நினைத்துக் கொள்கிறது.

அறிவில் குறை இருக்கிறதா என்றால், அதற்கும் ஆய்வு பதில் சொல்லிவிட்டது. உத்தரப் பிரதேசக் கிராமங்களில் கார்லா ஹாஃப், பிரியங்கா பாண்டே என்ற இரண்டு ஆய்வாளர்கள் ஆறு, ஏழாம் வகுப்பு மாணவர்களுக்குப் பாதை கண்டுபிடிக்கும் புதிர்களைக் கொடுத்தார்கள். உயர்த்தப்பட்ட சாதிகளிலிருந்து 321 பேர், ஒடுக்கப்பட்ட சாதியிலிருந்து 321 பேர். சாதியைச் சொல்லாதபோது இரு தரப்பும் சமமாகப் புதிர்களை விடுவித்தன. எல்லோர் முன்னாலும் பெயரோடு சாதியையும் வாசித்த பிறகு, ஒடுக்கப்பட்ட பிள்ளைகளின் மதிப்பெண் சரிந்தது. இது 2004-இல் உலக வங்கி ஆய்வறிக்கையாக வெளிவந்தது. பிள்ளைகளும் அவர்களே, புதிர்களும் அவையே. மாறியது அந்த அறிவிப்பு மட்டும்தான். உதவித்தொகைப் படிவம் கொடுக்க "எஸ்.சி. பசங்க எல்லாம் எழுந்திரிங்க" என்று வகுப்பில் சொல்லும் ஆசிரியர்கள் இதை யோசிக்க வேண்டும்.

இரட்டைமலை சீனிவாசன் கோயம்புத்தூரில் படித்தபோது, தன் சாதி தெரிந்துவிடுமோ என்ற அச்சத்தில் சக மாணவர்களோடு சேரவில்லை. பள்ளிக்கு வெளியே எங்காவது உட்கார்ந்து படித்துக் கொண்டிருந்துவிட்டு, மணி அடித்த பிறகுதான் வகுப்புக்குள் போவார். அவரே எழுதி வைத்த செய்தி இது. அதே மனிதர்தான் 1893-இல் 'பறையன்' என்ற பெயரிலேயே பத்திரிகை தொடங்கினார். 1930-இல் லண்டன் வட்டமேசை மாநாட்டில் அம்பேத்கரோடு அமர்ந்தார். அச்சம் அவருக்கும் இருந்தது. எந்தப் பெயரை மறைக்க நினைத்தாரோ, அந்தப் பெயரோடு அவர் வெளியே வந்தார்.

நாம் செய்யக்கூடியவை சில உண்டு. மனதை அழுத்தும் எண்ணத்தை ஒரு நோட்டில் எழுதுவோம். பக்கத்திலேயே நடந்த உண்மையை எழுதுவோம். "எனக்கு இங்கிலீஷ் வராது" என்பது எண்ணம். "பிளஸ் டூ வரை என்னிடம் யாரும் இங்கிலீஷில் பேசியதே இல்லை" என்பது உண்மை. வராதது வேறு, கிடைக்காதது வேறு. கிடைக்காததைத் தேடிப் பெறலாம். அதற்காக இந்த வாரம் என்ன செய்வது என்று மூன்றாவதாக ஒரு வரி எழுதுவோம். தனியாகப் படித்து மலைப்பதை விட, விடுதியிலோ தெருவிலோ நாலு பேர் சேர்ந்து படிப்போம். முன்னால் படித்துப் போன அண்ணன், அக்காவிடம் கேட்போம். பெற்றோரும் "நமக்கு எதுக்கு" என்ற சொல்லைப் பிள்ளைகள் முன்னால் விட்டுவிட வேண்டும்.

தூக்கம் கெட்டு, மனம் உடைந்து போனால் டெலி மானஸ் 14416-ஐ அழைக்கலாம். தமிழில் பேசலாம், கட்டணம் இல்லை. ஆனால் சாதி சொல்லி ஒருவர் இழிவுபடுத்தினால் அதை நம் மனக்குறையாக எண்ணிச் சுமக்க வேண்டியதில்லை. அது 1989-ஆம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் தண்டிக்கும் குற்றம். அதற்கான உதவி எண் 14566.

படிக்கக் கூடாது என்று விதி போட்ட பகுதியில்தான் இன்று அழகப்பா பல்கலைக்கழகம் இருக்கிறது. அங்கே நம் பிள்ளைகளும் படிக்கிறார்கள். 'முடியாது' என்ற எண்ணம் அடுத்த முறை வரும்போது, அது 1931-இல் யாரோ போட்ட விதி என்பதை நினைவில் வைத்துக்கொண்டு கையைத் தூக்குவோம்.