சேவலின் கொண்டை யார் கொடுத்தது?
திருத்தணி முருகனின் கொடியில் உள்ள சேவலின் கொண்டையைப் பாருங்கள்: பல் பல்லாக நிமிர்ந்த ஒற்றை வரிசை. ஆந்திர எல்லை தாண்டினால் பேர்போனது அசீல் சேவல். அதன் தலையில் தாழ்வாக மூன்று வரி, நடுவரி சற்றே உயரம். இது பட்டாணிக் கொண்டை.

இந்த வேறுபாடு ஒரே மரபணுவால் வருவது. அதன் ஒரு பிரதியைக் குஞ்சு தாயிடமிருந்தும் மற்றொன்றைத் தகப்பனிடமிருந்தும் பெறுகிறது. பட்டாணிப் பிரதி ஒன்று இருந்தாலே பட்டாணிக் கொண்டைதான். ஒற்றைக் கொண்டைக்கான பிரதி அழியாமல் உள்ளே தங்கும். அப்படி அந்தப் பிரதி தங்கியுள்ள சேவலும் பெட்டையும் சேர்ந்தால், ஒவ்வொரு குஞ்சுக்கும் ஒற்றைக் கொண்டை அமைய நான்கில் ஒரு வாய்ப்பு. பெற்றோரிடம் காணாத கொண்டை பிள்ளையிடம் வருவது இப்படித்தான்.

செடிகளில் மெண்டல் 1865இல் சொன்ன விதி விலங்குகளுக்கும் பொருந்தும் என்று வில்லியம் பேட்சன் 1902இல் காட்டியது கோழிக் கொண்டைகளை வைத்து. அவர் கலந்து வளர்த்த ‘இந்தியன் கேம்’ கோழியின் மூதாதை நம் அசீல்.