கம்பஸ்காரர் வாயும் கடைக்காரர் பெயரும்

 

யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் தலைமை வளாகம் திருநெல்வேலியில் இருக்கிறது. விவசாய பீடமும் பொறியியல் பீடமும் கிளிநொச்சியில் இருக்கின்றன. காகிதம், கணினிச் சாமான், ஆய்வுகூடப் பொருள், தளபாடம், சிற்றுண்டிச்சாலைக்கு அரிசி, மரக்கறி என்று இப்படிப்பட்ட ஒரு நிறுவனத்துக்குத் தேவைப்படாத பொருள் இல்லை. கரவெட்டி, நெல்லியடிப் பக்கத்துச் சிறு வியாபாரியும் விலைமனுப் போடலாம்.

பொருள் கொடுத்தவரைப் பற்றிப் பல்கலைக்கழக ஊழியர் வெளியில் என்ன பேசலாம் என்பதே இவ்வாரக் கேள்வி. "கம்பஸிலேயே அவருடைய சாமானைத் திருப்பி அனுப்பிவிட்டார்களாம்" என்று ஒரு வார்த்தை சந்தைக்கு வந்தால் போதும். வாடிக்கையாளர் விளக்கம் கேட்கமாட்டார், கடையை மாற்றிவிடுவார். சொன்னவர் பேராசிரியரா, களஞ்சியத்தில் வேலை செய்பவரா என்று ஊர் பார்ப்பதில்லை. அது "கம்பஸ் சொன்னது" ஆகிவிடும்.

ஆகவே அவர்கள் வாயே திறக்கக்கூடாது என்று நம்மில் சிலர் சொல்கிறார்கள். அது நியாயமல்ல. அவர்கள் பேசத்தான் வேண்டும். ஆனால் ஆளைப் பற்றியல்ல, பொருளைப் பற்றி, கேட்டதையல்ல, சோதித்ததை.

இதற்கு நமக்கு முன்மாதிரி உண்டு. சந்தையில் ஒரு தானியக் குவியலுக்குள் நபி (ஸல்) அவர்கள் கையை விட்டு ஈரத்தைக் கண்ட சம்பவம் ஸஹீஹ் முஸ்லிமில் பதிவாகியிருக்கிறது. முதலில் கையை விட்டுப் பார்த்தார்கள். அடுத்து உரியவரிடமே காரணம் கேட்டார்கள். மழையில் நனைந்தது என்ற பதிலையும் செவிமடுத்தார்கள். அதன் பிறகே, நனைந்ததை மக்கள் காணும்படி மேலே வைத்திருக்க வேண்டும் என்று உணர்த்தி, ஏமாற்று வியாபாரத்தைக் கண்டித்தார்கள். சோதனை, விளக்கம், தீர்ப்பு என்பதே ஒழுங்கு.

நமது நாட்டிலேயே பல்கலைக்கழகத்தார் ஒருவர் பெரிய கம்பனிகளைப் பற்றிப் பேசிய வரலாறும் உண்டு. பேராதனையில் மருந்தியல் பேராசிரியராக இருந்த சேனக பிபிலே, 1971 இல் அமைக்கப்பட்ட அரச மருந்தாக்கல் கூட்டுத்தாபனத்தின் முதல் தலைவரானார். ஒரே மருந்து பல வியாபாரப் பெயர்களில் பல விலைகளில் விற்கப்படுவதை அவர் எடுத்துக்காட்டினார். மருந்தை அதன் பொதுப் பெயரால் சொல்லுங்கள், உலகளாவிய விலைமனு கோருங்கள், தரத்தையும் விலையையும் ஒப்பிடுங்கள் என்பதே அவரது வழி. இறக்குமதிப் பட்டியல் ஏறத்தாழ 2,100 மருந்துகளிலிருந்து 600 அளவுக்குக் குறைக்கப்பட்டது. பெரிய கம்பனிகள் கடுமையாக எதிர்த்தன. ஆனால் அவர் வைத்த அளவுகோல் எல்லாக் கம்பனிகளுக்கும் ஒன்றுதான். 1977 இல் அவர் கயானாவில் காலமானார். அவரது கொள்கை இன்றும் பேசப்படுகிறது.

சிறு வியாபாரிக்கு இதில் ஒரு பாடம் இருக்கிறது. "இன்ன கம்பனியின் கணினிதான் நல்லது" என்று ஊழியர் சொன்னால் ஒரு முகவருக்கே இலாபம். "இவ்வளவு நினைவகம், இவ்வளவு வேகம், இத்தனை வருட உத்தரவாதம்" என்று சொன்னால் நாமும் போட்டியிடலாம்.

ஆதாரமில்லாத பேச்சு என்ன செய்யும் என்பதை நாம் பட்டு அறிந்திருக்கிறோம். 2018 பெப்ரவரி 26 இரவு, அம்பாறை நகரில் ஒரு முஸ்லிம் உணவகத்தில் கருத்தடை மாத்திரை கலக்கிறார்கள் என்று கதை கிளம்பியது. கடையும் பள்ளிவாசலும் தாக்கப்பட்டன. அரச பகுப்பாய்வாளரின் அறிக்கை பிறகே வந்தது. உணவில் இருந்தது மாக்கட்டி, மாத்திரையல்ல. அந்தக் கதையைக் கிளப்பியது பல்கலைக்கழகம் அல்ல. தெருப் பேச்சுக்கே இவ்வளவு பலம் என்றால், படித்தவர் பேச்சுக்கு எவ்வளவு இருக்கும்!

அப்படியானால் ஊழியர் கவனிக்க வேண்டியவை எவை?

ஒன்று, விலைமனு மதிப்பீடு முடியும்வரை எவரைப் பற்றியும் வெளியில் பேசக்கூடாது. ஒருவரது விலை மற்றவர் காதுக்குப் போனால் போட்டியே கெட்டுவிடும்.

இரண்டு, பொருளில் குறை கண்டால் முதலில் வழங்கியவருக்கு எழுத்தில் அறிவித்து, பதிலுக்குத் தவணை கொடுக்க வேண்டும். உயிருக்கு ஆபத்தான குறை என்றால் மட்டும் தாமதிக்காமல் உரிய அதிகாரிகளுக்கும் பாவிப்பவர்களுக்கும் சொல்லிவிட வேண்டும்.

மூன்று, வெளியில் சொல்லும்போது எந்தத் தொகுதி, எத்தனை மாதிரி, எந்தத் திகதி, என்ன முடிவு என்று சொல்ல வேண்டும். ஒரு மூடை பழுது என்பதற்காகக் கடையே பழுது என்று சொல்லலாகாது.

நான்கு, சொந்த அபிப்பிராயத்தைப் பல்கலைக்கழகக் கடிதத் தலைப்பில் எழுதக்கூடாது. அந்தக் கம்பனியிடம் பணமோ பயணமோ பெற்றிருந்தால் அதையும் சொல்ல வேண்டும். புகழ்ச்சிக்கும் இதே விதிதான்.

நமக்கும் கடமை உண்டு. பல்கலைக்கழகத்தின் பெயரை அனுமதியின்றி விளம்பரத்தில் போடாதீர்கள். நல்ல வார்த்தைக்காக அன்பளிப்புக் கொடுக்காதீர்கள். விலைப்பட்டியலையும் தொகுதி இலக்கத்தையும் பத்திரப்படுத்துங்கள். விலைமனு தவறினால் வதந்தி பரப்பாமல் எழுத்தில் காரணம் கேளுங்கள். 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2017 பெப்ரவரி 3 முதல் நடைமுறையில் இருக்கிறது. அரச பல்கலைக்கழகமும் அதற்கு உட்பட்டதே. மற்றவரின் வர்த்தக இரகசியம் கிடைக்காமல் போகலாம். உங்களுடைய விண்ணப்பம் ஏன் தள்ளப்பட்டது என்று கேட்கலாம்.

வாயை மூட ஒப்பந்தம் எழுதவும் வேண்டாம். கனடாவின் டொரொண்டோவில் நான்சி ஒலிவியேரி என்ற மருத்துவப் பேராசிரியை, தாம் பரிசோதித்த மருந்தின் ஆபத்தை 1996 இல் நோயாளிகளுக்குச் சொல்ல முயன்றார். ஆய்வுக்குப் பணம் கொடுத்த அப்போடெக்ஸ் கம்பனி பரிசோதனையை நிறுத்தி, இரகசிய ஒப்பந்தத்தைக் காட்டி வழக்கு எச்சரிக்கை விட்டது. 2001 இல் வெளியான சுயாதீன விசாரணை அறிக்கை பேராசிரியையின் பக்கமே நியாயம் கண்டது.

நல்ல பொருள் கொடுப்பவருக்குச் சோதனையால் நட்டமில்லை. செய்தி வந்தால் தீர விசாரிக்கும்படி ஸூரா அல்-ஹுஜுராத் நமக்குக் கட்டளையிடுகிறது. பேசுபவருக்கும் கேட்பவருக்கும் அது பொதுவான கட்டளை. வல்ல அல்லாஹ் நமது வியாபாரத்தில் பரக்கத் செய்வானாக!