குடலுக்குள் செல்லும் ஒளி

பைராம் தோட்டத்தில் வசிக்கும் ஒரு தாத்தா, மலத்தில் இரத்தம் கலந்திருப்பதைப் பார்க்கிறார் என்று வைத்துக்கொள்வோம். “உடம்புச் சூடு, மூலமாக இருக்கும்” என்று வெட்கப்பட்டு யாரிடமும் சொல்லவில்லை. அவர் நினைப்பது சரியாகவும் இருக்கலாம். ஆனால் பெருங்குடல் சுவரில் பிதுங்கும் சிறு பைகள், புண், கட்டி, புற்றுநோய் ஆகியவற்றாலும் இரத்தம் கசியும். எது காரணம் என்று வெளியிலிருந்து சொல்ல முடியாது.

நிறம் ஒரு துப்பு தரும். இரைப்பையில் கசியும் இரத்தம் செரிமானத்தில் மாறி, மலத்தைத் தார்போல் கறுப்பாக்கும். பெருங்குடலில் கசிந்தால் பெரும்பாலும் சிவப்பாகவே வெளிவரும். (சிவப்பு டிராகன் பழம் சாப்பிட்டாலும் மலம் சிவக்கும்!)

காரணத்தை நேரில் பார்க்க உதவுவது கொலோனோஸ்கோபி. முதலில் பேதி மருந்து கொடுத்துக் குடலைச் சுத்தமாக்குவார்கள். அழுக்கு இருந்தால் சிறு கட்டி கண்ணுக்குத் தப்பிவிடும். பிறகு மயக்கம் தரும் மருந்து கொடுத்து, விரல் பருமனுள்ள வளையும் குழாயை ஆசனவாய் வழியாகச் செலுத்துவார்கள். சுமார் 1.5 மீட்டர் நீளமுள்ள பெருங்குடல் முழுவதும் திரையில் தெரியும். அதே குழாய் வழியே கருவிகளை அனுப்பிச் சதைத் துணுக்கு எடுக்கலாம், சிறு கட்டியை அகற்றலாம், இரத்தக் கசிவையும் நிறுத்தலாம்.

நேர்க்கோட்டில் செல்லும் ஒளி, வளைந்த குழாயில் எப்படிச் செல்கிறது? மெல்லிய கண்ணாடி இழைக்குள் முழு அகப் பிரதிபலிப்பு அடைந்து, சுவருக்குச் சுவர் மோதி முன்னேறுகிறது. பஞ்சாபில் பிறந்த நரிந்தர் சிங் கபானியும் அவரது ஆசிரியர் ஹெரால்ட் ஹாப்கின்ஸும், இத்தகைய இழைக் கற்றை வழியே படத்தைக் கடத்திக் காட்டி, 1954-இல் ‘நேச்சர்’ இதழில் வெளியிட்டனர். இன்று படமெடுப்பது நுனியிலுள்ள சிறு கேமரா.

50 முதல் 75 வயதுடையோர், அறிகுறி இல்லாவிட்டாலும், அரசாங்கச் சுகாதாரக் கிளினிக்கில் மலத்தில் மறைந்துள்ள இரத்தத்திற்கான சோதனையைச் செய்துகொள்ளலாம். இரத்தம் கண்ணுக்கே தெரிந்தால் உடனே மருத்துவரைப் பார்க்க வேண்டும். இரத்தம் அதிகமாகப் போனாலோ தலைசுற்றினாலோ 999-ஐ அழையுங்கள். தொடக்கத்திலேயே கண்டறிந்தால் பெருங்குடல் புற்றுநோயைக் குணப்படுத்தும் வாய்ப்பு மிக அதிகம். இதை இன்றே வீட்டுப் பெரியவர்களிடம் சொல்லுங்கள்.

சிந்திக்க: கண்ணாடியின் ஒளிவிலகல் எண் 1.5 என்றால், காற்றில் அதன் மாறுநிலைக் கோணம் என்ன?