வேடமும் வாய்மையும்

மேடையில் ஆடவர் பெண்வேடம் பூணுதல் நமக்குப் புதிதன்று. ஆயின் அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோ நகரில் ஹோசே சரியா பூண்ட வேடம் ஓர் உரிமைப் போருக்கே வித்திட்டது. ஆசிரியராக விரும்பியவர் அவர். ஒழுக்கக் குற்றச்சாட்டில் கைதானமையால் அவ்வழி அடைபட்டது. பின்னர் ‘பிளாக் கேட்’ என்னும் மதுவிடுதியில், பெண்ணுடையில் இசைநாடகங்களை நகைச்சுவை ததும்ப மாற்றிப் பாடிப் பெருங்கூட்டம் சேர்த்தார்.

ஏமாற்றும் நோக்குடன் ஆடவர் பெண்ணுடை அணிவது அந்நாளில் அங்கே குற்றம். சரியாவோ, ‘நான் ஆண்’ என்றெழுதிய சீட்டுகளைத் தோழர்கள் உடையில் குத்திக்கொள்ளக் கொடுத்தார். உண்மையை எழுதி அணிந்தவரை ஏமாற்றுக்காரர் என்பது எங்ஙனம்?

1961இல், தன்பாலின விருப்பை மறைக்காமலே நகரமன்றத் தேர்தலில் நின்றார். தோற்றார், எனினும் 5,000க்கு மேற்பட்ட வாக்குகள் பெற்றார். 1965இல் அவர் தோற்றுவித்த ‘இம்பீரியல் கோர்ட்’ அமைப்பு, முடிசூட்டு விழாக்கள் நடத்தி அறப்பணிகளுக்கு நிதி திரட்டலாயிற்று. 2013இல் அவர் மறைந்தார். பள்ளியில் இடம் பெறாத அவர், அஞ்சி ஒளிந்தோர்க்குத் தலைநிமிரக் கற்பித்தார். அதுவும் ஆசிரியப் பணியே.