தோகைக்குத் தீ வைக்காதீர்கள்



கரும்பு வெட்டி, கடைசி லோடும் ஆலைக்குப் போனதும் நம்மில் பலர் செய்யும் முதல் வேலை, தோகைக்குத் தீ வைப்பதுதான். "கட்டை சீவணும், தோகை காலைச் சுத்துது, ஆள் கூலியும் கட்டுப்படியாகலே. ஒரு தீக்குச்சியிலே வேலை முடிஞ்சிடுதே" என்கிறீர்கள். உங்கள் சிரமம் நியாயமானதுதான். ஆனால் அந்த ஒரு தீக்குச்சிக்கு ஆகும் செலவையும் கணக்குப் பார்க்க வேண்டாமா?

ஒரு ஏக்கர் கரும்பில் ஏறத்தாழ 4 டன் காய்ந்த தோகை கிடைக்கும். 100 கிலோ தோகையில் சுமார் 400 கிராம் தழைச்சத்து இருக்கிறது. அப்படியானால் 4 டன்னில் 16 கிலோ. இது 35 கிலோ யூரியாவுக்குச் சமம். 45 கிலோ மூட்டையில் முக்கால் மூட்டை! தீ வைத்தால் இதில் பெரும்பகுதி புகையோடு போய்விடும். சாம்பல்சத்து சாம்பலில் தங்கும் என்பது உண்மை. ஆனால் அந்தச் சாம்பலும் காற்றில் பறக்கும், மழையில் கரைந்து ஓடும்.

யூரியாவையாவது கடையில் வாங்கலாம். மண்ணில் சேரவேண்டிய மக்கை எந்தக் கடையில் வாங்குவது? அந்த 4 டன்னில் 1 டன்னுக்கு மேல் கரிமம் இருக்கிறது. அதுதான் மக்காக மாறுவது. நம் சிவகங்கைச் சீமையில் செம்மண்ணும் சரளையும் அதிகம். பாய்ச்சிய தண்ணீரைப் பிடித்து வைக்கும் சக்தி இந்த மண்ணுக்குக் குறைவு. அந்தச் சக்தியைக் கொடுப்பது மக்குதான். கண்மாய் வற்றி, கிணற்றை நம்பி நிற்கும் கோடையில் இதன் அருமை தெரியும்.

சரி, என்ன செய்யலாம்?

மறுதாம்பு விடுகிறவர்கள் தோகையை ஒரு சால் விட்டு ஒரு சாலில் ஒதுக்குங்கள். கட்டைகளைத் தரையோடு சீவிவிடுங்கள். தோகை மேல் டன்னுக்கு 5 கிலோ வீதம் யூரியா தூவி, சாணக் கரைசல் தெளித்து, ஈரம் காயாமல் பாருங்கள். டிராக்டரில் ஓடும் தூளாக்கும் கருவி கிடைத்தால் இன்னும் நல்லது, சீக்கிரம் மக்கும்.

யூரியா எதற்கு? தோகையில் கரிமம் மிகுதி, தழைச்சத்து கொஞ்சம். மக்கவைக்கும் நுண்ணுயிர்கள் தமக்கு வேண்டிய தழைச்சத்தை மண்ணிலிருந்து எடுத்துக்கொள்ளும். அந்தச் சமயத்தில் பயிர் வெளுக்கும். "தோகை போட்டேன், கரும்பு மஞ்சளாப் போச்சு" என்பது இதனால்தான். இது மண் கொடுக்கும் கைமாற்று. மக்கியபின் மண்ணுக்கே திரும்பிவிடும்.

புதுக் கரும்பு நடுகிறவர்கள், நட்ட ஒரு வாரத்துக்குள் பார்களின்மேல் 4 அங்குல கனத்துக்குத் தோகை பரப்பலாம். ஈரம் காக்கும், களை குறையும், இளங்குருத்துப் புழுவும் குறையும். களிப்பான நன்செயில் 21 நாள் கழித்துப் பரப்புங்கள். ஐந்தாம் மாதமும் ஏழாம் மாதமும் உரிக்கும் சோகையையும் சாலிலேயே போட்டுவிடலாம்.

மூன்று எச்சரிக்கைகள். கரையான் தொல்லை உள்ள நிலத்தில் தோகை பரப்பாதீர்கள். செவ்வழுகல் கண்ட வயலில் நோய்த் தூர்களைத் தோண்டி எடுத்து எரித்துவிடுங்கள். அந்த வயல் தோகை மூடாக்குக்கு ஆகாது. பாதையோர வயலில் வரப்பை ஒட்டிச் சில அடி தோகையில்லாமல் விடுங்கள். ஒரு பீடி நெருப்பு போதும்.

ஆஸ்திரேலியாவில் குவின்ஸ்லாந்து கரும்பு விவசாயிகளும் ஒருகாலத்தில் எரித்தவர்கள்தான். 1980களில் தொடங்கி, அங்கே பலர் தோகையை வயலிலேயே பரப்பும் முறைக்கு மாறினார்கள்.

முழு வயலுக்கும் துணிவில்லை என்றால் அரை ஏக்கரில் மட்டும் இந்த முறை செய்யுங்கள். மழை இல்லாத நாளில் இரண்டு பக்கத்து மண்ணையும் கையில் அள்ளிப் பாருங்கள். எது ஈரமாக இருக்கிறதோ, அதன் வழியே போங்கள்.